முட்டை எத்தனை, நஞ்சுக்கொடி எத்தனை? இரட்டையரைப் புரிந்துகொள்ள இரண்டு கேள்விகள்

ஒட்டு வாழைப்பழம் சாப்பிட்டால் இரட்டைக் குழந்தை பிறக்கும் என்று சொல்லி, கல்யாணமான பெண்களின் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வாழைப்பழத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று படித்தவர்களிடமும் இருக்கிறது. 'ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா, வேற வேற மாதிரியா?' என்று கேட்டுவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கருவானது ஒரு முட்டையா, இரண்டா? நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? குழந்தைகள் மரபணு அளவில் எவ்வளவு நெருக்கம் என்பதை முதல் கேள்வி சொல்லும். அந்தக் கர்ப்பத்தை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதை இரண்டாவது கேள்வி சொல்லும். மகப்பேறு மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது இரண்டாவதன் விடைதான்.

இரண்டு முட்டை

ஒவ்வொரு மாதமும் சூலகத்தில் பல சினைமுட்டைகள் வளரத் தொடங்கும். அவற்றை வளர்ப்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன். ஒரு முட்டைப்பை முந்திக்கொண்டதும் அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியை அடக்க, எஃப்.எஸ்.எச். குறையும். மற்றவை தீனியில்லாமல் வாடிவிடும். எஃப்.எஸ்.எச். வேண்டிய அளவுக்குக் குறையாமல் போனால் இரண்டு முட்டைகள் முதிர்ந்து வெளிவரும். இரண்டையும் இரண்டு தனித்தனி விந்தணுக்கள் கருவாக்கினால் இரு முட்டை இரட்டையர். மரபணுப்படி இவர்கள் சாதாரண அண்ணன் தங்கை, அக்கா தம்பி போலத்தான். சராசரியாகப் பாதி ஒற்றுமை. கருப்பையில் ஒரே நேரத்தில் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு விசேஷம் இல்லை.

எஃப்.எஸ்.எச். கூடுதலாக இருக்கும் நிலைமைகளிலெல்லாம் இவ்வகை இரட்டையர் கூடுகிறார்கள். சூலகத்தில் முட்டை இருப்பு குறையக் குறைய உடல் அந்த ஹார்மோனை அதிகம் அனுப்புவதால், முப்பதுகளின் பிற்பகுதியில் கருத்தரிக்கும் பெண்களுக்கு வாய்ப்பு உச்சத்தில் இருக்கும். ஏற்கெனவே பல பிள்ளை பெற்றவர்கள், உயரமானவர்கள், உடல் எடை கூடியவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு சற்று அதிகம். குழந்தையின்மைக்குக் கொடுக்கும் குளோமிஃபீன் மாத்திரையும் ஹார்மோன் ஊசிகளும் பல முட்டைகளை ஒரே சுழற்சியில் முதிரவைக்கும். சோதனைக்குழாய் முறையில் இரண்டு கருக்களை உள்ளே வைத்தால் விளைவு சொல்லத் தேவையில்லை. தாய்மை தள்ளிப்போவதும் இந்தச் சிகிச்சைகளும் சேர்ந்துதான் 1980களில் ஆயிரம் பிரசவத்துக்கு 9 ஆக இருந்த உலக இரட்டைப் பிரசவ விகிதத்தை இப்போது 12க்குக் கொண்டுவந்திருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் ஜோடிகள் பிறக்கின்றன. பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒன்று.

ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் மாறுவதும் இந்த வகைதான். ஆப்பிரிக்காவில் அதிகம், ஆசியாவில் குறைவு. நைஜீரியாவின் இக்போ ஓரா ஊர் இரட்டையருக்குப் பேர்போனது. அங்குள்ள யொரூபா மக்கள் முதலில் பிறப்பதற்குத் தாய்வோ என்றும் அடுத்ததற்குக் கெஹிண்டே என்றும் பெயர் வைக்கிறார்கள். இரண்டாவதாக வருபவரே மூத்தவராம். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியை முன்னால் அனுப்பினார் என்பது அவர்கள் கணக்கு. உயிரியலைக் கேட்டால் மூத்தவர், இளையவர் என்பதற்கே அர்த்தம் குறைவு. கருப்பை வாயருகே யார் இருக்கிறாரோ அவர் முதலில் வருகிறார், அவ்வளவுதான்.

நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்ற ஊர் இருக்கிறது. சுமார் 2,000 குடும்பங்கள் வாழும் அந்த ஊரில் 200 ஜோடிகளுக்கு மேல் இரட்டையர். தண்ணீரா, சாப்பாடா, மரபணுவா என்று ஆய்வாளர்கள் எச்சில், முடி மாதிரிகளையெல்லாம் எடுத்துப் பார்த்தும் உறுதியான காரணம் கிடைக்கவில்லை.

ஒரு முட்டை, பல பிரிவுகள்

ஒரு முட்டை இரட்டையர் கதை வேறு. இங்கே ஒரு முட்டை, ஒரு விந்தணு. கருவான பிறகு அது இரண்டாகப் பிரிகிறது. இது தாயின் வயதுக்கும் உயரத்துக்கும் அசைவதில்லை. உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பிரசவத்துக்கு 4 என்ற கணக்கிலேயே நிற்கிறது. ஏன் பிரிகிறது என்பது இன்னும் விடை தெரியாத கேள்வி. எப்போது பிரிகிறது என்பது நன்றாகத் தெரியும், அதுதான் முக்கியமும்கூட.

கருவான முதல் சில நாட்களில் எல்லா செல்களும் ஒரே மாதிரிதான். நான்காம் நாள் வாக்கில் வெளிப்புறச் செல்கள், நஞ்சுக்கொடியை உண்டாக்கும் வேலைக்கென்று தனியாக ஒதுங்குகின்றன. எட்டாம் நாள் வாக்கில் பனிக்குடம் உருவாகத் தொடங்குகிறது. பதின்மூன்றாம் நாள் வாக்கில் உடலின் தலை எது, கால் எது என்ற அச்சு விழுகிறது. எந்த உறுப்பு உருவாகும் முன்பு பிரிவு நடக்கிறதோ அது ஆளுக்கொன்றாகக் கிடைக்கும். உருவான பிறகு பிரிந்தால் இருவரும் அதைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடியும் இரண்டு, பனிக்குடமும் இரண்டு. ஒரு முட்டை இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி. நான்கிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. பெரும்பாலானோர் இந்த வகை. எட்டு நாளைத் தாண்டினால் ஒரே பனிக்குடத்தில் இரண்டு குழந்தைகள். இது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் நடக்கும். பதின்மூன்று நாளையும் தாண்டினால் பிரிவு முழுமையடையாது. உடல் ஒட்டிய இரட்டையர் பிறப்பார்கள். 1811இல் சயாமில் பிறந்த சாங், எங் சகோதரர்கள் மார்புக்குக் கீழே ஒரு சதைப்பட்டையால் ஒட்டியிருந்தார்கள், கல்லீரலும் இணைந்திருந்தது. அவர்களால்தான் ஒட்டிப் பிறப்பவர்களுக்குச் சயாமிய இரட்டையர் என்ற பெயர் வந்தது. அந்த உடலோடே 62 வயது வரை வாழ்ந்தார்கள்.

இப்போது அந்தக் குழப்பத்துக்கு வருவோம். 'நஞ்சுக்கொடி இரண்டு இருந்தது, அதனால் ஒரு முட்டை இல்லை' என்று பல குடும்பங்கள் உறுதியாக நம்புகின்றன. சீக்கிரம் பிரிந்த ஒரு முட்டை இரட்டையருக்கும் இரண்டு நஞ்சுக்கொடி உண்டு என்பதால் இது தவறு. தலைகீழான தவறும் நடக்கிறது. இரண்டு தனி நஞ்சுக்கொடிகள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து ஒட்டிப்போனால், பிரசவ அறையில் பார்க்கும்போது ஒன்று போலவே தெரியும். அதைப் பார்த்து 'ஒரே முட்டை' என்று சொல்லிவிடுவார்கள்.

சரியாகக் கண்டுபிடிக்கும் வழி இது. ஆணும் பெண்ணுமாக இருந்தால் இரு முட்டை. நஞ்சுக்கொடி ஒன்றே என்று முதல் மூன்று மாத ஸ்கேனில் உறுதியானால் ஒரு முட்டை. இரண்டு விதிக்கும் விலக்குகள் உண்டு, ஆனால் மிக அரிது. ஒரே பாலினம், இரண்டு நஞ்சுக்கொடி என்றால் டி.என்.ஏ. பரிசோதனை மட்டுமே முடிவு சொல்லும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும். ரத்த வகை வேறாக இருந்தால் பரிசோதனை இல்லாமலே இரு முட்டை எனலாம். ஒன்றாக இருந்தால் அது எதையும் நிரூபிக்காது.

மக்கள்தொகை அளவில் இதைக் கணக்கிட டி.என்.ஏ.வும் வேண்டாம். இரு முட்டை ஜோடிகளில் பாதி ஆண் பெண்ணாக இருக்கும், நாணயம் சுண்டுவது போன்ற நிகழ்தகவு அது. ஆகவே 1,000 ஜோடிகளில் 300 ஜோடி ஆண் பெண் என்றால், இரு முட்டை 600, மீதி 400 ஒரு முட்டை. ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1901இல் சொன்ன இந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது.

ஸ்கேன் அறிக்கையில் எதைத் தேடுவது

11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாட்களுக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. அப்போது கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு பனிக்குடங்களுக்கு நடுவே ஓடும் சவ்வு, நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தை மருத்துவர் பார்ப்பார். நஞ்சுக்கொடிகள் இரண்டு என்றால் திசு அந்தச் சவ்வுகளின் இடையில் ஆப்பு போல ஏறி நிற்கும். இதற்கு லாம்டா அடையாளம் என்று பெயர். நஞ்சுக்கொடி ஒன்று என்றால் மெல்லிய சவ்வு செங்குத்தாக வந்து முட்டும். இது டி அடையாளம். கர்ப்பம் வளர வளர லாம்டா மங்கிவிடும். இருபதாவது வாரத்தில் முதல் ஸ்கேன் எடுக்கப் போனால் நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

அறிக்கையில் மூன்று சுருக்கங்களில் ஒன்று இருக்க வேண்டும். டி.சி.டி.ஏ. என்றால் எல்லாம் இரண்டு. எம்.சி.டி.ஏ. என்றால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. எம்.சி.எம்.ஏ. என்றால் இரண்டுமே ஒன்று. வெறுமனே 'இரட்டைக் கரு' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கேன் எத்தனை நாளுக்கு ஒருமுறை, பிரசவம் எந்த வாரம் என்பதெல்லாம் இந்த ஓரெழுத்து வித்தியாசத்தைப் பொறுத்தது. டி.சி.டி.ஏ.வுக்குப் பொதுவாக 4 வாரத்துக்கு ஒரு ஸ்கேன் போதும்; எம்.சி. வகைகளுக்கு 16வது வாரத்திலிருந்து 2 வாரத்துக்கு ஒன்று.

காரணம், ஒரே நஞ்சுக்கொடியின் மேல் இரு குழந்தைகளின் ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் சமமாக இருந்தால் பிரச்சினையில்லை. ஆனால் ஒரு குழந்தையின் தமனியிலிருந்து ரத்தம் நஞ்சுக்கொடியின் ஆழத்துக்குள் போய் மற்றதன் சிரை வழியாக வெளியேறும் இணைப்புகள் ஒருவழிப் பாதைகள். எதிர்த்திசையில் ஈடுகட்டும் இணைப்பு போதாவிட்டால் ஒருவர் கொடுத்துக்கொண்டே இருப்பார், மற்றவர் வாங்கிக்கொண்டே இருப்பார். இதுவே இரட்டையர் ரத்த ஏற்றக் கோளாறு; மருத்துவமனையில் டி.டி.டி.எஸ். என்பார்கள். ஒரே நஞ்சுக்கொடி கர்ப்பங்களில் 10 முதல் 15 விழுக்காட்டில் வருகிறது.

இதை ஸ்கேனில் காட்டிக்கொடுப்பது பனிக்குட நீர். அந்த நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். ரத்தம் இழக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து, நீரின் ஆழம் 2 செ.மீ.க்குக் கீழே போய்விடும். சவ்வு உடலோடு ஒட்டி அது அசைய முடியாமல் கிடக்கும். வாங்கும் குழந்தைக்கு ரத்தம் மிகுந்து, நீர் 8 செ.மீ.க்கு மேல் போகும், இதயம் திணறும். இரண்டு குழந்தைக்குமே ஆபத்து. வாங்குபவர் கொழுத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். தாய்க்கு ஒரு வாரத்துக்குள் வயிறு திடீரென்று பெருத்து இறுகுவது, மூச்சுவாங்குவது ஆகியவை அறிகுறிகள். அடுத்த ஸ்கேன் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றின் வழியே மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, இணைப்புக் குழாய்களை லேசரால் பொசுக்குவதுதான் சிகிச்சை. 2004இல் ஐரோப்பாவில் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், லேசர் செய்துகொண்டவர்களில் 76 விழுக்காட்டினருக்கு ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் தாண்டியது; மிகை நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தவர்களில் அது 56 விழுக்காடு.

குழந்தைகளின் எடை வித்தியாசத்தையும் கவனிப்பார்கள். பெரியதன் எடையிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதால் வகுத்து, நூறால் பெருக்குவது. ஸ்கேன் மதிப்பீடு 1,200 கிராமும் 900 கிராமும் என்றால் 25 விழுக்காடு. இந்த அளவு வந்தால் சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடியில் பங்கு சமமாக இல்லாததும், ஒரு தொப்புள்கொடி ஓரத்தில் போய் ஒட்டியிருப்பதும் வழக்கமான காரணங்கள்.

ஒரே பனிக்குடம் என்றால் தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும் அபாயம் கூடவே இருக்கிறது. அதனால் 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் செய்துவிடுவார்கள். சிக்கலில்லாத எம்.சி.டி.ஏ.வுக்கு 36வது வாரம் வாக்கில், டி.சி.டி.ஏ.வுக்கு 37, 38 வாரத்தில் பிரசவத்தைத் திட்டமிடுவது வழக்கம். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறைவதற்குள் தாமாகவே வந்துவிடுவதும் உண்டு. ஆகவே பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்தை முன்பே பார்த்துவைப்பது நல்லது. எல்லா வகையிலும் தாய்க்கு ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஆகியவற்றின் வாய்ப்பு கூடுதல். ரத்தக்கொதிப்பைத் தடுக்க 12வது வாரத்திலிருந்து சிறு அளவு ஆஸ்பிரின் எழுதித் தருவார்கள். அதை மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிப் போடக் கூடாது.

ஒரே மாதிரி, ஆனால் நகல் அல்ல

ஒரு முட்டை இரட்டையரின் கைரேகைகள் வேறு வேறு. ரேகையின் பொது வடிவத்தில் மரபணுவுக்குப் பங்குண்டு. ஆனால் 10வது வாரத்திலிருந்து விரல் நுனித் திண்டுகள் வளரும்போது அழுத்தம், விரலின் நிலை, வளரும் வேகம் எல்லாம் சேர்ந்து கோடுகளின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கின்றன. கருவிழிப் படலத்தின் வடிவமும் அப்படியே. ஆதாருக்கு விரலையும் கண்ணையும் பதிவுசெய்வதால் இரட்டையருக்கு அங்கே சிக்கலில்லை. முகம் பார்த்துத் திறக்கும் கைபேசிதான் ஏமாறும்.

டி.என்.ஏ.கூட முழுக்க ஒன்றல்ல. ஐஸ்லாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வின்படி, ஒரு முட்டை இரட்டையருக்கு இடையே கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே ஏற்பட்ட சராசரியாக 5 மரபணுத் திரிபுகள் வேறுபடுகின்றன. காவல்துறை பயன்படுத்தும் சாதாரண டி.என்.ஏ. சோதனை குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் பார்ப்பதால் இவை அதன் கண்ணில் படாது. முழு மரபணுத் தொகுதியையும் படித்தால்தான் இருவரில் யார் என்று சொல்ல முடியும்.

பெண் ஜோடிகளில் இன்னொரு விளையாட்டு உண்டு. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடும்; எது அணையும் என்பது செல்லுக்குச் செல் தற்செயல். இரண்டு எக்ஸில் ஒன்று நிறக்குருடுக்கான பழுதுள்ளது என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு நல்ல எக்ஸ் பெருமளவில் அணைந்துபோனால், ஒரு முட்டை இரட்டையரிலேயே அவளுக்கு நிறக்குருடு இருக்கும், மற்றவளுக்கு இருக்காது.

இரண்டு வகைக்கும் நடுவே நிற்கும் அரிய ஜோடிகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு தாய்க்கு 6வது வார ஸ்கேனில் ஒரே நஞ்சுக்கொடி தெரிந்தது. 14வது வாரத்தில் பார்த்தால் ஒன்று ஆண், ஒன்று பெண். மேலே சொன்ன இரண்டு விதிகளும் ஒன்றையொன்று மறுத்தன. ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்து, பிறகு அது பிரிந்திருக்கிறது. தாய் வழியில் நூறு விழுக்காடும் தந்தை வழியில் 78 விழுக்காடும் பொதுவான அந்தப் பாதி ஒற்றை இரட்டையரைப் பற்றிய கட்டுரை 2019இல் வெளியானது.

மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயமும் இதே ரத்தக்குழாய்க் கதைதான். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி, பத்தில் ஒன்பதுக்கு மேல் சினைபிடிக்காது. மாட்டில் இரு முட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடிக் குழாய்களும் இணைந்துவிடுவதால், காளைக் கன்றின் ஹார்மோன்கள் கிடேரியின் சூலகத்தைக் கெடுத்துவிடுகின்றன. மனிதர்களில் அப்படி ஆவதில்லை. 'அண்ணனோடு பிறந்தவள், பிள்ளை பெறுவாளா' என்று யாராவது கேட்டால் தயங்காமல் பெறுவாள் என்று சொல்லலாம்.

பரம்பரையா?

ஒரு முட்டை இரட்டையர் பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை. இரு முட்டை வகை வரும், ஆனால் தாயின் வழியாகச் செயல்படும். எஃப்.எஸ்.எச். ஹார்மோனோடு தொடர்புள்ள எஃப்.எஸ்.எச்.பி., எஸ்.எம்.ஏ.டி.3 ஆகிய மரபணுக்களில் இதற்கான மாறுபாடுகளை 2016இல் கண்டறிந்தார்கள். இவை ஆணிடம் இருந்தாலும் பலனில்லை. இரண்டு முட்டை விட வேண்டியது அவன் மனைவியின் சூலகம். ஆனால் அவன் தன் மகளுக்கு அதைக் கொடுக்கலாம், அவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறக்கலாம். 'ஒரு தலைமுறை விட்டு வரும்' என்ற பேச்சு இப்படித்தான் உண்டாகியிருக்க வேண்டும். மகள் வழியில் போனால் தலைமுறை விடாமலும் வரும்.

ஒரு முட்டை இரட்டையர் இருவரும் தனித்தனியே மணந்து பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைகள் உறவுமுறையில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள், டி.என்.ஏ. சோதனையிலோ ஒரு தந்தைக்கு இரு தாரத்துப் பிள்ளைகள் போலத் தெரிவார்கள்.

எந்த வகை என்று தெரிந்துவைப்பது வெறும் ஆர்வத்துக்கு அல்ல. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரே உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தார். ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகம் அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் போனது. டி.என்.ஏ. சோதனை இல்லாத காலம். ஒருவர் தோலைச் சிறிது எடுத்து மற்றவர் உடலில் ஒட்டிப் பார்த்தார்கள்; உடல் அதை நிராகரிக்காததால் ஒரு முட்டை என்று உறுதிசெய்துகொண்டு கத்தியை எடுத்தார்கள். ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இன்றும் ஒரு முட்டை இரட்டையரிடமிருந்து உறுப்பு பெறுபவருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் நோய் மரபணுவால் வந்திருந்தால் கொடுப்பவருக்கும் அது வரக்கூடும் என்பதால், அறுவைக்கு முன்பு அவருடைய சிறுநீரகத்தையும் அந்த நோய்க்காகத் தனியாகச் சோதித்தாக வேண்டும்.